கொரோனா நாட்களில் டாக்டர்கள் ஏன் வற்றிப்போனார்கள்? எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். 2020 முதல் 2022 வரை தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் வேலை பார்த்தேன். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, எழுந்து போகிற நேரத்தில் அந்த நாட்களைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்டுவிடுகிறார்கள். புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும் கேட்கின்றன. டாக்டர் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கிறார்கள், நர்ஸ்களின் வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால், அவரவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்துப் பதிலும் எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

1. பர்ன் அவுட் பர்ன் அவுட்னு சொல்றாங்களே, அது வெறும் அசதிதானே அம்மா?

இல்லை. அசதி தூங்கி எழுந்தால் போகும். இரண்டு நாள் லீவு போட்டுக் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால் போகும். இது அப்படிப் போகாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும், ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததும் உடம்பு கனத்துவிடும். நான் இதை வற்றிப்போவது என்று சொல்கிறேன். கிணறு இறைக்க இறைக்க ஊறும். ஆனால் ஊறுகிற வேகத்தைவிட இறைக்கிற வேகம் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், கடைசியில் வாளியில் சேறுதான் வரும்.

1974ல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் இலவச கிளினிக்கில் வேலை செய்தவர்களைப் பார்த்து இந்தச் சொல்லை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தார். பிறகு 1981ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் அவருடன் ஆய்வு செய்தவரும் இதை அளக்க 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். அவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள். மனம் வற்றுவது ஒன்று. எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்குவது இரண்டாவது. நான் செய்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது.

இந்த இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்தில் நான் "பதினாலாம் பெட், பதினாறாம் பெட்" என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் பெயர் கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய பதினைந்து வருஷ வேலையில் நான் அப்படி இருந்ததில்லை.

2. அப்போ அது மனநோயா? டிப்ரெஷனும் இதுவும் ஒண்ணா?

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11வது பதிப்பில் இதை நோய் என்று சேர்க்கவில்லை, வேலை சார்ந்து உண்டாகும் ஒரு நிலை என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வேறுபாடு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. நோய் என்றால் அந்த ஆளிடம் கோளாறு என்று ஆகிவிடும். வேலை சார்ந்த நிலை என்றால் வேலை எப்படி அமைக்கப்பட்டது என்று கேட்க வேண்டிவரும்.

டிப்ரெஷன் வேலையை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்காது. சாப்பாடு, தூக்கம், பிள்ளையின் சிரிப்பு என்று எல்லாவற்றையும் மூடிவிடும். வற்றிப்போனவர் ஆரம்பத்தில் வேலைக்கு வெளியே நன்றாகவே இருப்பார். ஆனால் கவனிக்காமல் விட்டால் இது அதில் கொண்டுபோய் விடக்கூடும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அந்த நிலைக்குப் போனால் சிகிச்சை வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

3. சாவைப் பாக்காத டாக்டர் உண்டா? இதுக்குத்தானே படிச்சீங்க?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பெரும்பாலும் கோபமில்லாமல்தான் கேட்பார்கள்.

சாவு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் ஒருவர் இறந்தால் பக்கத்தில் மனைவி இருப்பார், மகன் இருப்பான், வாயில் ஒரு சொட்டுப் பால் விடுவார்கள். நாங்கள் வெளியே வந்து சொல்லும்போது தோளைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகையில் எங்களுக்கும் ஒரு முடிவு கிடைக்கும். கொரோனா வார்டில் அது கிடையாது. போனில் சொல்ல வேண்டும். முகம் தெரியாத ஒருவரிடம், இரைச்சலான லைனில், "உங்க அப்பா தவறிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரை அழுத்த வேண்டும். ஒரு ராத்திரியில் நான்கு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். உடலை ஜிப் போட்ட பையில் கொடுத்து அனுப்புவோம். மகன் தூரத்தில் நின்று பார்ப்பான்.

இன்னொன்று, என்ன வைத்தியம் சரி என்பதே மாறிக்கொண்டிருந்தது. மாரடைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இந்த நோய்க்கு முதலில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்றார்கள். குணமானவர் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மா என்றார்கள், 2021 மே மாதம் அதைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ரெம்டெசிவிருக்காகக் குடும்பங்கள் நகையை அடகு வைத்து அலைந்தன, ஆனால் அது உயிரைக் காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. நேற்று நம்பிச் சொன்னதை இன்று நானே மறுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. படித்த படிப்பு காலுக்கடியில் நழுவினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. வேலை நேரம் ஜாஸ்தியானதுதானே காரணம்?

ஒரு காரணம். முக்கியக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட நேர வேலை கொரோனாவுக்கு முன்பே இருந்தது. பயிற்சி டாக்டர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே எழுதியிருக்கிறது. 36 மணி நேரம் தொடர்ந்து நிற்பதைத்தான் என் தலைமுறை பார்த்தது, எனக்குப் பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள். பெருந்தொற்று, ஏற்கெனவே தேய்ந்திருந்த கயிற்றில் வந்து தொங்கியது.

ஆட்கள் குறைந்ததும் சேர்ந்துகொண்டது. முதுகலைப் படிப்புக்கான நீட் தேர்வு 2021 ஏப்ரல் 18ல் நடக்க வேண்டியது, செப்டம்பர் 11க்குத் தள்ளிப்போனது. பிறகு இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு 2022 ஜனவரி வரை நடக்கவில்லை. இதனால் பல மாதங்கள் மருத்துவக் கல்லூரிகளில் முதலாமாண்டு பி.ஜி. டாக்டர்களே இல்லை. மூன்று பேட்ச் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேட்ச் செய்தது. 2021 டிசம்பரில் அவர்கள் ரோட்டில் இறங்கியதற்கு இதுதான் காரணம்.

நேரத்தைவிட அதிகம் வற்றவைப்பது, எதுவும் தன் கையில் இல்லாததுதான். நாளைக்கு எந்த வார்டு, எத்தனை நாள் டியூட்டி, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். ஒரு நாள் 16 மணி நேரம் என்றாலும், அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் மனுஷன் தாங்கிக்கொள்வான்.

5. அந்தக் கவச உடையில அப்படி என்ன கஷ்டம்?

சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் கோட்டைத் தலையிலிருந்து கால்வரை போட்டுக்கொண்டு ஆறு மணி நேரம் நின்று பாருங்கள். கழற்றினால் ஒரு செட் வீண் என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டோம், பாத்ரூம் போக மாட்டோம். மாதவிலக்கு நாட்களில் பெண் டாக்டர்களும் நர்ஸ்களும் பட்ட பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்து நரம்பு தெரியாது, தடவித்தான் ஊசி போடுவோம்.

ஆனால் உடம்புக் கஷ்டத்தைவிட, நோயாளி எங்கள் முகத்தைப் பார்க்க முடியாததுதான் பெரிய குறை. மார்பில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டோம். ஒரு பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையுறைக்கு மேல்தான்.

6. சென்னை, டெல்லி மாதிரி இங்க என்ன கூட்டம்? இது சின்ன ஊர்தானே?

சின்ன ஊர் என்பதுதான் இங்கே கஷ்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22ல். நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்தது. புது மாவட்டம் அலுவலகங்களை நிமிர்த்திக்கொண்டிருந்த நேரம். மாவட்டத்துக்குள் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. நிலைமை மோசமானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், செங்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெரிய ஊரில் ஒரு டாக்டருக்குக் கொரோனா வந்தால் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். இங்கே மயக்க மருந்து டாக்டர் ஒருவர் படுத்தால் வெண்டிலேட்டர் பக்கம் நிற்க ஆளில்லை. இருக்கிற இரண்டு பேரும் மாறி மாறி நிற்பார்கள், மாறவே முடியாத வாரங்களும் உண்டு.

எல்லையும் ஒரு காரணம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநில நிலம். கல்யாணம், வேலை, வைத்தியம் எல்லாம் மலைக்கு இருபுறமும் பின்னிக் கிடக்கிறது. கேன்சர் என்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி., மூளை, இதயம் என்றால் ஸ்ரீ சித்ரா என்று போய்ப் பழகிய ஊர் இது. 2020 மார்ச்சில் ரயில் நின்றது, புளியரையில் தடுப்பு விழுந்தது. பாதி கீமோ முடித்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் இ-பாஸ், அந்தப் பக்கம் கோவிட் ஜாக்ரதா என்ற கேரள அரசுத் தளத்தில் பதிவு. எனக்கு வைத்தியம் பார்க்கும் நேரம் குறைந்து, கடிதம் எழுதும் நேரம் கூடியது. எனக்குத் தெரியாத வைத்தியத்தைத் தொடரச் சொல்லி ஒரு நோயாளி எதிரில் உட்கார்ந்து அழும்போது, ஊர் சின்னதா பெரியதா என்பதெல்லாம் மனதில் வராது.

7. கேரளாவுல நல்லா சமாளிச்சாங்களே, அங்க உள்ள டாக்டருக்குமா இந்தக் கதி?

என் சித்தி மகள் புனலூர்ப் பக்கம் டாக்டராக இருக்கிறாள். அதனால் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30ல் திருச்சூரில் உறுதியானார். 2018ல் நிபாவைப் பார்த்த மாநிலம் என்பதால் அவர்கள் முன்கூட்டியே தயாரானார்கள், சாவு விகிதத்தைக் கீழே வைத்தார்கள். அது உண்மைதான், பாராட்ட வேண்டியதும்தான்.

ஆனால் இங்கே அலை மலைபோல் ஏறி இறங்கியது. தமிழ்நாட்டில் 2021 மே மூன்றாம் வாரம் ஒரு நாளுக்கு 36 ஆயிரத்தைத் தாண்டியது, ஜூலையில் மூச்சு விட்டோம். அங்கே இறங்கவே இல்லை. மே மாதம் 40 ஆயிரத்தைத் தாண்டியது, பிறகு ஓணத்தை ஒட்டி ஆகஸ்ட் கடைசியிலும் நாளுக்கு 30 ஆயிரம். நாடே கடை திறந்துவிட்ட நேரத்தில் அவளுக்கு வார்டு நிறைந்திருந்தது. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு கேரளாவிலிருந்து வருகிறவர்களிடம் மறுபடி டெஸ்ட் ரிசல்ட்டோ இரண்டு ஊசிச் சான்றிதழோ கேட்கத் தொடங்கியது. அவளால் அம்மாவைப் பார்க்க இங்கே வர முடியவில்லை. உயரமான அலையில் மூழ்குவது ஒரு விதம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒன்றரை வருஷம் நின்றுகொண்டே இருப்பது இன்னொரு விதம். இரண்டிலும் ஆள் வற்றுகிறார்.

2020 ஏப்ரல் முதல் ஐந்து மாதம், மாதத்துக்கு 6 நாள் சம்பளத்தைக் கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒத்திவைத்தது. டாக்டர்களுக்கும் அதேதான். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். "பணம் பெரிசில்ல அக்கா, எங்களையும் ஒரு கணக்காத்தானே வச்சாங்க"ன்னு அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

8. பெட் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அதுல டாக்டர் மனசு ஏன் உடையணும்?

2021 மே மாதம், ஒரு ராத்திரி. ஆக்சிஜன் பெட் எல்லாம் நிறைந்திருந்தது. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, பின்னால் ஓர் ஆட்டோ. ஆம்புலன்ஸில் அறுபது தாண்டிய ஓய்வுபெற்ற வாத்தியார், ஆட்டோவில் முப்பத்து நாலு வயது ஆள், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தகப்பன். இருவருக்கும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, எண்பதுக்குக் கீழே. உள்ளே ஒருவர் இறந்து ஒரு பெட் காலியானது. ஒன்றே ஒன்று. நான் இளையவரை உள்ளே எடுத்தேன். வாத்தியாரை ஆம்புலன்ஸ் சிலிண்டரிலேயே வைத்துக்கொண்டு ஏழு இடங்களுக்கு போன் போட்டேன். மூன்று மணிக்கு ஓர் இடம் கிடைத்து அனுப்பினேன். அவர் மகள் என்னைத் திட்டவில்லை, கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். அவர் பிழைத்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990களில் இதைப் பற்றி எழுதினார். மனசாட்சிக் காயம் என்று தமிழில் சொல்லலாம். எது சரி என்று உனக்குத் தெரியும், அதைச் செய்ய உன் கையில் வசதி இல்லை, ஆனால் முடிவெடுத்தவன் நீ. அசதி உடம்பில் இருக்கும், இது வேறொரு இடத்தில் இருக்கும். "அத்தனை பெட்தான் இருந்தது, உன் தப்பில்லை" என்று யாராவது மேலே இருந்து சொல்லியிருந்தால் பாதி ஆறியிருக்கும். மறுநாள் காலையில் எனக்கு வந்த போன், நேற்றைய சாவுக் கணக்கு ஏன் லேட் என்று கேட்டது.

என்னைக் கேட்டால், நான் எழுதிய காரணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

9. ஊரே கைதட்டுச்சே, ஹெலிகாப்டர்ல பூ தூவினாங்களே. அது தெம்பா இல்லையா?

2020 மார்ச் 22 சாயங்காலம் கைதட்டினார்கள், மே 3ல் விமானப்படை பூத் தூவியது. அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில், ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். ராத்திரியில் அவருடைய டாக்டர் நண்பர் கையால் மண்ணள்ளிப் போட்டுப் புதைத்தார். எங்கள் ஊர்களிலும், வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னவர்கள், நர்ஸ் வீட்டுக்குப் பால் போடாதவர்கள் இருந்தார்கள். அவர்களும் கைதட்டியவர்கள்தான். பயத்தில் செய்தார்கள் என்று இப்போது புரிகிறது. தெய்வம் என்று கும்பிட்டுவிட்டுத் தீட்டு என்று ஒதுக்கினால் எதிரில் இருப்பவருக்கு எது நிஜம் என்று தெரியாமல் போகும்.

அந்த ஏப்ரல் 22ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருஷம் வரை, பலத்த காயம் என்றால் 6 மாதம் முதல் 7 வருஷம் வரை சிறை. அதில் எனக்கு உண்மையான ஆறுதல் இருந்தது.

10. குவாரண்டைன்ல ஹோட்டல் ரூம்ல இருந்தாங்களே, அது ரெஸ்ட்தானே?

தனியாக ஓர் அறையில், தொண்டை கொஞ்சம் கரகரத்தாலும் வந்துவிட்டதோ என்று தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு இருப்பது ரெஸ்ட் இல்லை. அந்த ஏற்பாடும் கொஞ்ச நாள்தான் இருந்தது. 2020 மே நடுவில், அதிக ஆபத்தோடு நோயாளியிடம் பழகினால் மட்டும் தனிமை போதும் என்று விதி மாறியது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனோம், நோயைக் கொண்டுபோகிறோமோ என்ற பயத்தோடு. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு வருஷம் நான் பின்கட்டில்தான் சாப்பிட்டேன். பயப்படக் காரணமும் இருந்தது. இந்திய மருத்துவச் சங்கக் கணக்கில் முதல் அலையில் மட்டும் 700க்கும் மேற்பட்ட டாக்டர்கள் இறந்தார்கள்.

11. நல்ல சம்பளம் வாங்குறவங்கதானே?

அரசு டாக்டர்கள் சம்பள உயர்வுக்காக, 2009ல் வந்த 354ஆம் எண் அரசாணையைச் சரியாக அமல்படுத்தச் சொல்லி, 2019 அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நவம்பர் 1ல் திரும்ப வேலைக்கு வந்தார்கள். பலருக்கு இடமாற்ற உத்தரவு காத்திருந்தது. அந்தப் புண்ணோடுதான் ஐந்தாவது மாதம் கொரோனா வார்டுக்குள் போனார்கள். தனியாரில் ஓ.பி. கூட்டம் இல்லை என்று சம்பளத்தைக் குறைத்த இடங்கள் உண்டு. 50 லட்சம் இன்சூரன்ஸ் என்று அறிவித்தார்கள். ஆனால் சொந்த கிளினிக்கைத் திறந்து வைத்து, காய்ச்சல்காரர்களைப் பார்த்து, அதனாலேயே இறந்த டாக்டர்களின் குடும்பங்களில் பலவற்றுக்கு, அரசு அவரைப் பணிக்கு அழைக்கவில்லை என்று சொல்லிப் பணம் வருவதில் சிக்கலானது.

சம்பளம் வற்றுவதைத் தடுக்காது. நியாயமில்லை என்ற எண்ணம் வற்றுவதை வேகமாக்கும்.

12. பெரிய டாக்டருக்கு அதிகமா, சின்ன டாக்டருக்கு அதிகமா?

பெரும்பாலும் சின்னவர்களுக்கு. ஹவுஸ் சர்ஜன், பி.ஜி., ஒப்பந்தத்தில் வந்த டியூட்டி டாக்டர். ராத்திரி வார்டில் நிற்பது அவர்கள். முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. பெண்களுக்கு வீட்டு வேலையும் சேர்ந்தது, ஸ்கூல் மூடியதால் பிள்ளைகள் செல்போன் வகுப்போடு வீட்டில் இருந்தார்கள். நர்ஸ்களுக்கு இன்னும் அதிகம். நான் வார்டுக்குள் வந்து போவேன், அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. அவர்கள்தான் உடலைப் பையில் கட்டினார்கள்.

13. தடுப்பூசி வந்ததும் எல்லாம் சரியாகி இருக்கணுமே?

2021 ஜனவரி 16ல் எங்களுக்குத்தான் முதலில் போட்டார்கள். பத்தாம் பதிலில் சொன்ன பயம் பாதி குறைந்தது. ஆனால் நான்கு மாதத்தில் டெல்டா வந்தது. அது இறங்கியபின் தள்ளிப்போட்ட ஆபரேஷன்கள், கவனிக்காமல் விட்ட சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. சண்டை நடக்கும்போது ஓடிக்கொண்டே இருந்தவர்கள், சண்டை முடிந்து உட்கார்ந்ததும்தான் விழுந்தார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் மூன்று பேர் 2022ல்தான் வேலையை விட்டார்கள்.

14. யோகா, தியானம் எல்லாம் சொல்லிக் குடுத்தாங்களே?

கெட்டதில்லை. நானே மூச்சுப் பயிற்சி செய்கிறேன். ஆனால் 24 மணி நேரம் நின்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் ஒரு மணி நேர வகுப்பு வைத்து வருகைப் பதிவும் எடுத்தால், அது இன்னொரு டியூட்டி. ஒன்றாம் பதிலில் சொன்ன கிணற்றுக்கு, இறைக்கும் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

எங்கள் வார்டில் உதவியது ரொம்பச் சின்ன விஷயங்கள். டியூட்டி அட்டவணையை இரண்டு வாரத்துக்கு முன்பே ஒட்டினோம். சாவுச் செய்தியை ஒரே ஆள் சொல்லாமல் மாற்றி மாற்றிச் சொன்னோம், சொல்லும்போது பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். டியூட்டி மாறும்போது பத்து நிமிஷம் டீயோடு உட்கார்ந்து, கேஸைப் பற்றி இல்லாமல் ராத்திரியைப் பற்றிப் பேசினோம். இதை ஆரம்பித்தவர் ஒரு சீனியர் நர்ஸ். இரண்டாம் அலையின் கடைசியில்தான் ஆரம்பித்தோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

15. மனநல டாக்டரைப் பாத்தா விஷயம் வெளிய போகுமா? லைசென்ஸுக்கு ஆபத்தா?

இதைக் கேட்பவர்கள் டாக்டர்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். சிகிச்சை எடுத்தார் என்பதற்காக நம் ஊரில் பதிவை யாரும் ரத்து செய்வதில்லை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அரசின் மனநல உதவி எண் அது, கூப்பிடலாம். இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

இந்தப் பயம் உலகம் முழுக்க இருக்கிறது. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் தொழில் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரிலேயே 2022ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்றால் தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

16. என் மகன் பி.ஜி. சீட்டை விட்டுட்டு வர்றேங்கிறான். இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சோம். இது கோழைத்தனம் இல்லையா?

கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு அப்பா கேட்டார். கோழை விட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டிய காலத்தில் உங்கள் மகன் ஓடவில்லை. இரண்டு அலையையும் நின்று பார்த்துவிட்டுத்தான் இப்போது சொல்கிறான். உடனே சரி என்றோ கூடாது என்றோ சொல்லாதீர்கள். முதலில் அவனை நீண்ட லீவு போடச் சொல்லுங்கள், வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், செலவுக் கணக்கைப் பேசாதீர்கள். நாலு வாரம் தூங்கி, சாப்பிட்டு, யாரும் குறுக்கே பேசாமல் இருந்த பிறகும் அதையே சொன்னால் அது அவன் முடிவு. வேறு துறை, வேறு ஊர் என்று மருத்துவத்துக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன. எட்டாம் பதிலைப் படித்துவிட்டு, "உனக்கும் அப்படி ஒரு ராத்திரி இருந்துச்சா?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். கேட்டாராம். மகன் விடியும்வரை பேசினானாம்.

17. நீங்க சொல்றதைப் பாத்தா டாக்டர் செஞ்ச தப்புக்கெல்லாம் சாக்கு மாதிரி இருக்கு. எங்கப்பாவை அந்த டாக்டர் முகம் பாத்துக்கூடப் பேசலை. நான் ஏன் அவரை மன்னிக்கணும்?

மன்னிக்க வேண்டாம். காரணம் சொல்வதும் சாக்குச் சொல்வதும் வேறு. ஒன்றாம் பதிலில் ஞாபகம் வைக்கச் சொன்ன இரண்டாவது அடையாளம் இதுதான், எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் போவது. அது டாக்டரின் மனதில் நடந்தாலும் அடி விழுந்தது உங்கள் அப்பாவுக்கு. வற்றிப்போன டாக்டர் கேள்வியைப் பாதியில் வெட்டுவார், மருந்தளவைத் தப்பாக எழுதக்கூடும், கோபமாகப் பேசுவார். இதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி சொல்கிறது.

இதைக் கேட்ட பெண் அப்போதே நகல் வாங்கி வைத்திருந்தார். ஆனால் ஆங்கிலக் கிறுக்கல் என்று பிரித்துப் பார்க்கவே இல்லை. அடுத்த வாரம் கொண்டுவந்தார். இருவரும் உட்கார்ந்து படித்தோம். கடைசி ராத்திரியில் மணிக்கு ஒரு முறை சாச்சுரேஷன் எழுதப்பட்டிருந்தது, எல்லாம் ஒரே கையெழுத்து. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஆக்சிஜன் அளவை எத்தனை முறை மாற்றினார், எந்த நேரத்துக்குக் கவிழ்த்துப் படுக்க வைத்தார் என்று இருந்தது. 3.20க்கு, பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. கேட்டதாகவும் இடமில்லை என்றதாகவும் ஒரு வரி. 4.10க்கு மறுபடி கேட்டதாக ஒரு வரி. 4.40ல் முடிந்திருந்தது.

அந்தப் பெண் 4.10 வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். "இதை எங்கிட்ட வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்க வேண்டும் என்றேன். நான் அனுப்பிய வாத்தியாரின் மகளிடம் நானும் சொல்லவில்லை.